ரத்தம் முன்னாலேயே சொன்னது

நதியாவுக்குப் பகலிலேயே கனவு வரும். திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த துணியைக் கையில் மாட்டி டியூப்லைட்டுக்கு நேராக விரித்துப் பிடித்து, ஓட்டை விழுந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் துணிக்குள் வெளிச்சம் பாலாகப் பரவும்போது அவள் அங்கே இருக்கமாட்டாள். இந்தச் சின்னச் சட்டையைப் போடப்போகிற குழந்தை இப்போது எந்தக் குளிரில், எந்தப் போர்வைக்குள் தூங்குகிறதோ என்று எண்ணிக்கொண்டிருப்பாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். பழுதான துணி ஒன்றும் தப்பிப் போகாததால் சூப்பர்வைசர் பூபாலனும் கண்டிக்கமாட்டார்.

"ஏனுங்க நதியா, இப்ப எந்த நாட்டுல இருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

அவள் தெற்கே சாயல்குடிப் பக்கத்துக்காரி. புருஷன் அருண்பாண்டியும் அந்தப் பக்கம்தான். அதே கம்பெனியில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். கல்யாணமான கையோடு இருவரும் மயிலாளின் வரிசை வீடுகளில் ஒன்றில் குடிவந்தார்கள். மயிலாள் உள்ளூர்க்காரி, புருஷன் இல்லை, மகன் வெளியூரில். முன்கட்டு வீட்டில் ஓர் எருமையோடு இருந்துகொண்டு, குடியிருப்பவர்களுக்கெல்லாம் பால் ஊற்றுவாள், சத்தம் போடுவாள், காய்ச்சல் வந்தால் கஞ்சியும் வைத்துக் கொடுப்பாள்.

இரண்டாயிரத்து ஆறில் ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்தது. மண்ணரையில் ஒரு தெரு பாக்கியில்லை. டெய்லர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மெஷின்கள் ஆளில்லாமல் கிடந்தன. நதியாவுக்கும் காய்ச்சல் வந்தது, விரல்கள் வீங்கின. எல்லாருக்கும் வந்தது நமக்கும் வந்திருக்கிறது என்றுதான் அவளும் நினைத்தாள். ஒவ்வொருவராக எழுந்து வேலைக்குப் போனார்கள். அவள் எழவில்லை. காலையில் விரலை மடக்க முடியாது. மத்தியானமானால் காய்ச்சல் மெல்ல ஏறும். தலைவாரினால் சீப்பு நிறைய முடி வரும். கடைக்குப் போய் வந்தால் மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னம் சிவந்து எரியும்.

அந்த மத்தியானக் காய்ச்சலில் அவளுக்கு வந்த கனவுகள் பயமுறுத்தவில்லை. பனியன் துணி சுருள் சுருளாக அவிழ்ந்து தெருவெல்லாம் ஓடும். அதன்மேல் அவள் செருப்பில்லாமல் நடப்பாள். எங்கேயும் தரை தட்டாது. விழித்தால் உடம்பெல்லாம் வியர்த்திருக்கும், பின்சந்திலிருந்து மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும், எது கனவு எது வீடு என்று புரிய நேரம் பிடிக்கும்.

"ஏங்கண்ணு, மொகமெல்லாம் இப்படிச் செவந்து கெடக்குது? இது கொசுக் காய்ச்சல் மாதிரித் தெரியலையே" என்றாள் மயிலாள். அவள்தான் அருண்பாண்டியைப் பிடித்து நிறுத்தி, கோயமுத்தூருக்குக் கூட்டிப்போகச் சொன்னாள்.

கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே மூட்டு நோய்களைப் பார்க்கிற டாக்டர் விஜயகுமாரி. அவர் நதியாவின் கன்னத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி அண்ணத்தில் புண் இருக்கிறதா என்று பார்த்தார். நிறைய ரத்தம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது பெயர் சொன்னார். லூபஸ்.

"கிருமி உள்ள வந்தா அதைப் பிடிக்கறதுக்கு ரத்தத்துல ஒரு பொருள் உண்டாகுமுங்க. ஆன்டிபாடின்னு பேரு. உங்க ரத்தம் அதை உங்க உடம்புக்கு எதிராவே உண்டாக்குது. நம்ம ஒவ்வொரு செல்லுக்கு நடுவுலயும் ரெண்டு இழையா முறுக்கின ஒண்ணு இருக்குது. டி.என்.ஏ. அதுக்கு எதிரான ஆன்டிபாடி உங்ககிட்ட இருக்குது."

"எம்மேல எனக்கே கோவமா டாக்டர்?" என்று கேட்டாள் நதியா.

டாக்டர் சிரித்தார். "கோவமெல்லாம் இல்லீங்க. ஆள் அடையாளம் தெரியாமப் போச்சு, அவ்வளவுதான்."

வெயிலில் போகக்கூடாது, மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும் என்றார். காரணமும் சொன்னார். இந்த ஆன்டிபாடி கிட்னியில் போய்ப் படிந்தால் அங்கே புண்ணாகும். ரத்தத்தை வடிகட்டுகிற இடம் அது, கெட்டுப்போனால் திரும்பி வராது. "எல்லாருக்கும் அப்படி ஆகறதில்லை. ஆனா டி.என்.ஏ. ஆன்டிபாடி ஏறினா நாங்க மொதல்ல கிட்னியைத்தான் பார்ப்போம்."

மாத்திரைகள் வேலை செய்தன. விரல் வீக்கம் வடிந்தது, முடி முளைத்தது. பூபாலன் அவளுக்கு ஜன்னலை விட்டுத் தள்ளி உள்மேசையில் இடம் கொடுத்தார். விடியும்போது கம்பெனிக்குள் போய் இருட்டத் தொடங்கும்போது வெளியே வருகிறவளுக்கு வெயில் என்பதே கேள்விப்படுகிற ஒன்றாக ஆகிவிட்டது. விடுமுறை நாளில் குடை, முழுக்கைச் சட்டை. தெருப்பிள்ளைகள் அவளைக் குடை அக்கா என்றார்கள்.

அவளுக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று இருந்தது. ஊரிலிருந்து மாமியார் சின்னத்தாய் போன் செய்யும்போதெல்லாம் அதைத்தான் கேட்டாள். டாக்டரிடம் கேட்டால், "ரத்தம் அமைதியா இருக்கணும், கிட்னி அமைதியா இருக்கணும். இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமுங்க" என்பார். ஒவ்வொரு முறையும் அந்த ஆன்டிபாடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டுதான் வந்தது. அடுத்த முறை சரி என்று சொல்லிவிடுவார் என்று இருவரும் நம்பினார்கள்.

இரண்டாயிரத்து எட்டு தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமராவதி அணைக்குப் போனார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அருண்பாண்டி அவளை ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, "வெயில் தாழட்டும் புள்ள" என்றான். முதலைப் பண்ணையில் முதலைகள் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்ததை எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சாயங்காலம் அணைமேல் ஏறினார்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் மலை நீலமாகக் கரைந்துகொண்டிருந்தது. நதியா குடையை மடக்கினாள். ஒரு மூட்டும் வலிக்கவில்லை. உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. பக்கத்தில் நின்ற அருண்பாண்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அவள் காதில் விழவில்லை. இரண்டு வயதில் ஒரு குழந்தை அந்தச் சுவரோரம் அவன் விரலைப் பிடித்து நடந்துபோவது அவளுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அதன் சட்டையில் எந்த இடத்தில் பட்டன் என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

அந்த வாரம்தான் ரத்தப் பரிசோதனை. டாக்டர் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. ஆன்டிபாடி பல மடங்கு ஏறியிருந்தது. கிருமியோடு போராட உதவுகிற காம்ப்ளிமென்ட் என்கிற இன்னொரு பொருள் கீழே இறங்கியிருந்தது. உடம்புக்குள் எங்கோ சண்டை நடந்தால் அது செலவாகிக் குறையும் என்றார். சிறுநீரில் புரதம் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு லேசாகத் தெரிந்தது.

"கால் வீங்குதா? மொகம் உப்புதா?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர். இத்தன வருசத்துல இப்பத்தான் நல்லாருக்கேன்."

"தெரியுமுங்க. ஆனா கிட்னி கெடறதுக்குக் கொஞ்ச காலம் முன்னாடியே ரத்தத்துல இப்படி ஏறும். சில பேருக்கு ஏறும், கிட்னிக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு எதுன்னு இதை வெச்சு மட்டும் என்னால சொல்ல முடியாது. ஊசி போட்டுக் கிட்னியில ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தாத்தான் நிச்சயமாத் தெரியும்."

நதியா மாட்டேன் என்றாள். அருண்பாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் யாரையும் மறுத்துப் பேசி அவன் பார்த்ததில்லை. "நல்லாருக்குற ஒடம்புல எதுக்கு ஊசி? என்னமோ தப்பா வந்திருக்கும். வேற யாரு ரத்தமாவது இருக்கும்."

டாக்டர் கோபப்படவில்லை. "வாங்க" என்று எழுந்து, அவளைப் பக்கத்து வராந்தாவில் இருந்த பரிசோதனைக்கூடத்துக்கு அழைத்துப்போனார். அங்கே ஓர் இருட்டறை. கவிப்பிரியா என்ற பெண் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் துண்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுயிரைப் பரப்பி வைப்பார்களாம். அதன் உடம்பில் ஓரிடத்தில் டி.என்.ஏ. மட்டும் குவிந்த ஒரு புள்ளி உண்டு. அதன்மேல் நதியாவின் ரத்தத்திலிருந்து எடுத்த நீரை விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்த்தால், அவளிடம் அந்த ஆன்டிபாடி இருந்தால் அந்தப் புள்ளி எரியும்.

"பாருங்க அக்கா" என்று கவிப்பிரியா நகர்ந்து இடம் விட்டாள்.

நதியா குனிந்து பார்த்தாள். முதலில் வெறும் இருட்டு. பிறகு பச்சை. இருட்டு முழுக்கச் சிறு சிறு பச்சைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஈரமாக மினுங்கிக்கொண்டு. எந்தச் சாயப்பட்டறையிலும் அவள் பார்த்திராத பச்சை.

"முன்னாடியெல்லாம் கொஞ்சம் கரைச்சாலே அணைஞ்சு போயிருமுங்க. இந்தத் தடவை எத்தனை மடங்கு தண்ணி சேர்த்துக் கரைச்சும் எரிஞ்சுக்கிட்டே இருக்குது. ரெண்டு தடவை பார்த்தோம். உங்க ரத்தம்தான் அக்கா."

"அழகாருக்கே" என்றாள் நதியா.

டாக்டர் நதியாவின் தோளில் கைவைத்து, "அதான் சங்கடம். அழகா இருக்கும், வலிக்கவும் வலிக்காது" என்றார். பிறகு, இரண்டு வாரம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். அதற்குள் சிறுநீரில் புரதம் கூடி நுரை தெரிந்தாலோ கால் வீங்கினாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும்.

அந்த நாட்களில் அவள் பாதி விழிப்பில்தான் நடமாடினாள். கம்பெனியில் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே பச்சையாக எதுவோ நீந்துவதுபோல் இருக்கும். வீட்டில் கண்ணை மூடினால் அறை முழுக்க இளஞ்சூடான தண்ணீர் நிறையும். பாத்திரங்கள் மிதக்கும், அவளும் மிதப்பாள், தண்ணீருக்குள் எங்கிருந்தோ ஒரு குழந்தை சிரிக்கும். அந்தச் சிரிப்பு நின்றுவிடுமோ என்றுதான் அவளுக்குப் பயம். ஊசி குத்தினால் அது நின்றுவிடும் என்று அவளாக முடிவு செய்துவைத்திருந்தாள்.

ஒருநாள் காலை நுரை தெரிந்தது. பொதுக் கழிப்பறை என்பதால் யாரோ சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் தெரிந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பார்த்தாள். மறுபடியும் அதே நுரை, சீக்கிரம் உடையாத நுரை. அருண்பாண்டி சரக்கை அனுப்பவேண்டிய ஷிப்மென்ட் நெருக்கடியில் கம்பெனியிலேயே கிடந்தான். வந்தாலும் சாப்பிட்டபடியே தூங்கினான். அவனிடம் அவள் சொல்லவில்லை. பால் வாங்கப் போனபோது மயிலாளிடம்தான் வாயைத் திறந்தாள்.

"நொரையா? உன்ற ஊட்டுக்காரருகிட்டச் சொன்னயா கண்ணு?"

"இல்லம்மா."

"ஏன் சொல்லுல?"

"சொன்னா நெசமாயிரும்மா."

மயிலாள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பால் சொம்பைக் கவிழ்த்து வைத்தாள், கையைக் கழுவினாள், எருமைக்குத் தீனி எடுத்துப் போட்டாள். "போய்ச் சீலையை மாத்திக்கிட்டு வா. கோயமுத்தூரு பஸ்ஸு இப்ப வந்துரும். கொடையை எடுத்துக்க." கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். பஸ்ஸில் நதியா அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவினாசி தாண்டியதும் தெரியாது, ஆஸ்பத்திரி வந்ததும் தெரியாது.

அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். மறுநாள் ஊசி. வயிற்றுக்கடியில் தலையணை வைத்து அவளைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். முதுகில் குளிர்ந்த மருந்து தடவினார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றது ஒரு குரல். அவள் பிடித்தாள். ஏதோ டக்கென்று தெறித்தது, ஸ்டேப்ளர் அடிப்பதுபோல். அவ்வளவுதான். நின்றுவிடுமோ என்று அவள் பயந்திருந்த சிரிப்பு நின்றுபோகவில்லை.

தூங்கிக் கண்விழித்தபோது அருண்பாண்டி பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான். தலைமுடியிலும் புருவத்திலும் பனியன் பஞ்சு ஒட்டியிருந்தது. மயிலாள் சொல்லியனுப்பியதும் மெஷினை விட்டு எழுந்து அப்படியே வந்திருக்கிறான். ஒரு சுளையை அவள் வாயில் வைத்தான்.

"எனக்கு நொர வந்தா நான் மொதல்ல ஒங்கிட்டத்தான் சொல்வேன்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு வலித்தது. சிரிப்பும் அழுகையுமாக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே சொல்லுதேன்" என்றாள்.

கிட்னியின் வடிகட்டிகளில் சிலவற்றில் புண் தொடங்கியிருந்தது. தழும்பு எதுவும் விழவில்லை. "ரத்தம் முன்கூட்டியே சொன்னதுனால சீக்கிரம் பிடிச்சுட்டோமுங்க. ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா கதையே வேற" என்றார் டாக்டர். மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவள் கேட்காமலேயே ஒன்று செய்தார். பிற்பாடு குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கெடுக்காத குறைந்த அளவில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்தாக ஏற்றலாம் என்றார். கூடவே ஸ்டீராய்டு மாத்திரை.

அந்தக் கோடையை நதியா படுக்கையிலேயே கழித்தாள். மருந்து ஏற்றிய மறுநாள் வாந்தி, அதற்கடுத்த நாள் முழுக்கத் தூக்கம். ஸ்டீராய்டில் முகம் பௌர்ணமி நிலாவாக உப்பியது. பார்க்க வந்த சின்னத்தாய் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எம் மருமகளா இது? வேற வீட்டுக்கு வந்துட்டனோன்னு பாத்தேன்" என்றவள், பையைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். குழந்தையைப் பற்றி அதன்பிறகு அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்குப் போகாமல் அங்கேயே தங்கி, உப்பில்லாத குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டாள். எருமைப் பால் கெட்டியா தண்ணியா என்று மயிலாளோடு தினமும் மல்லுக்கு நின்றாள். நதியா அரைத்தூக்கத்தில் அந்தச் சண்டையைக் கேட்டபடியே கிடப்பாள். கொங்குப் பேச்சும் தெக்கத்திப் பேச்சும் மாறி மாறி வந்து தாலாட்டுவதுபோல் இருக்கும்.

மழைக்காலத்தில் நுரை நின்றது. முகம் பழைய முகமாக வற்றத் தொடங்கியது. அந்த வருஷக் கடைசியில் வெளிநாட்டில் என்னவோ பணச் சிக்கல் என்று ஆர்டர்கள் குறைந்தன. கம்பெனி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. ஊரே கவலையில் இருந்தபோது இவர்கள் இருவர் மட்டும் கிடைத்த ஓய்வில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

திருப்பூர் தனி மாவட்டமான அந்த மாசிவாக்கில் டாக்டர் சொன்னார்: "ஆன்டிபாடி இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க. முழுசாப் போகாது போல. இருந்துட்டுப் போகட்டும். காம்ப்ளிமென்ட் நல்லாருக்கு, கிட்னி அமைதியா இருக்கு. இனி உங்க விருப்பம்." ரோ என்று இன்னோர் ஆன்டிபாடி உண்டு, தாயிடம் அது இருந்தால் வயிற்றுக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்று அதையும் பார்த்தார். அது அவளிடம் இல்லை. கர்ப்பத்துக்கு ஆகாத மாத்திரைகளை மாற்றிக் கொடுத்தார்.

சித்திரையில் நாள் தள்ளிப்போனது. இந்த முறை அவள் முதலில் சொன்னது அருண்பாண்டியிடம். மெஷினில் உட்கார்ந்திருந்தவன் காதருகே போய்ச் சொன்னாள். அவன் தைத்துக்கொண்டிருந்த துணி கோணலாக ஓடியது.

எட்டாம் மாதம் மறுபடியும் நுரை. கூடவே ரத்த அழுத்தம் ஏறியது, கால் வீங்கியது. உடனே கோயமுத்தூர். போகிற வழியெல்லாம் நதியா வயிற்றில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தாள். உள்ளே குழந்தை மெதுவாகப் புரண்டது. டாக்டர் விஜயகுமாரியும் பிரசவ டாக்டரும் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தார்கள். பழைய நோய் திரும்பிவிட்டதா, இல்லை பிரசவத்தோடு வருகிற அழுத்தமா என்று தெரிய வேண்டும். இரண்டுக்கும் நுரை வரும், இரண்டுக்கும் கால் வீங்கும். வைத்தியம்தான் வேறு வேறு.

சாயங்காலம் டாக்டர் வந்தார். வாசலிலேயே சிரித்தார். "ஆன்டிபாடி ஏறலை நதியா. காம்ப்ளிமென்ட் இறங்கலை. மத்தது எல்லாம் சேர்த்துப் பார்த்தா இது லூபஸ் மாதிரி இல்லீங்க. மாசமா இருக்கறப்ப வர்ற அழுத்தம்தான். குழந்தையை வெளிய எடுத்துட்டா அடங்கிரும்."

மறுநாள் மத்தியானம் ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நதியா தினமும் சக்கர நாற்காலியில் வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். மெல்லிய தோலுக்குள் நரம்புகள் ஓடுவது தெரியும். பால் ஓர் அவுன்ஸ் இறங்கினால் அன்றைக்குத் திருவிழா. இடையில் ஊருக்குப் போயிருந்த சின்னத்தாய் திரும்பி வந்து பார்த்து, "பொறந்தவுடனயே கண்ணாடி வீட்டுல குடியிருக்காளே" என்றாள். மயிலாள், "அப்புச்சி ஊடு, அப்பாயி ஊடு எல்லாம் அப்புறமாப் போலாம் சாமி, மொதல்ல இந்த ஊட்டை விட்டு வெளிய வா" என்று கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டாள். நர்ஸ் அவளை விரட்டினாள்.

நதியாவின் அழுத்தம் இறங்கியது, வீக்கம் வடிந்தது. புது வருஷம் பிறந்து கொஞ்ச நாளில் குழந்தையோடு மண்ணரைக்குத் திரும்பினார்கள். மாத்திரைகள் நிற்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கப் போவதும் நிற்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் அவள் யாரோடும் சரியாகப் பேசமாட்டாள். அருண்பாண்டியும் பேச்சுக் கொடுக்கமாட்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் பட்டறை காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தை அந்தச் சத்தத்திலேயே தொட்டிலில் தூங்கப் பழகிவிட்டது. மத்தியானத்தில் கரண்ட் போகும். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் நின்று, தெருவே அடங்கிப்போகும். அந்த அமைதி தாங்காமல் அது விழித்து அழும். நதியா அதை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு, இருட்டறைக்குள் இங்குமங்கும் நடப்பாள். கரண்ட் வந்து மெஷின்கள் மறுபடி இரையத் தொடங்கியதும் குழந்தை தூங்கிவிடும். கூடவே அவளும் சுவரில் சாய்ந்தபடி கண்ணயர்ந்துவிடுவாள்.